ஊசி நுழையாத கிளிப்பெட்டி

என் தொழில் வழுக்க வைப்பது. இப்படிச் சொன்னால் வாழைப்பழத்தோல் வியாபாரி என்று நினைப்பீர்கள். அந்த அளவுக்குப் பிரயோஜனமான ஆள் இல்லை நான். கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்னப் பட்டறை வைத்து, பவுண்டரிகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கம் 'பேட்டர்ன்' என்போம். ஒரு பம்பு வார்க்க வேண்டுமென்றால் அதன் உருவத்தை முதலில் நான் மரத்தில் செய்ய வேண்டும். அதை மணலில் பதித்து, அலுங்காமல் உருவி எடுத்து, அந்தப் பள்ளத்தில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். உருவும்போது மணலில் ஒரு பொட்டு உதிரக் கூடாது. அதனால் எல்லாப் பக்கத்தையும் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்த்து, மூலைகளை மெழுகு வைத்து உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, திரும்பவும் தேய்ப்பேன். ஈ வந்து உட்கார்ந்தால் சறுக்கி விழ வேண்டும். முப்பது வருடமாக ஈக்களைச் சறுக்க வைத்துக்கொண்டிருந்த அந்தத் திமிரோடுதான் ஒரு கிளிக்கு வீடு கட்டப் போனேன்.

கூப்பிட்டவர் சோமனூர்க்காரர். விசைத்தறி ஓட்டுகிறார். அவர் தறிக்கு ஒருமுறை ஏதோ வார்ப்புப் பாகத்துக்கு மாதிரி செய்து கொடுத்த பழக்கம்.

"ஏனுங், ஒரு பெட்டி செய்யோணுங்க" என்றார் போனில்.

"தறிக்குங்ளா?"

"கிளிக்குங்க."

"ஏனுங், தறிய வித்துப்போட்டு ஜோசியம் பாக்கப் போறீங்ளா?"

அவர் சிரிக்கவில்லை. அப்போதே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மனிதர் முன்னேறிவிட்டார் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆயிரம் அடிக்கு போர் போடுவார். தண்ணீர் வராது. பிறகு கார். பிறகு வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நாய். அது வருகிறவர்களைப் பார்த்துக் கொட்டாவி விடும். தறிக்காரர் நாயையும் தாண்டிவிட்டார். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் கம்பி வலையில் ஒரு அறையே கட்டி, அதற்குள் ஒரு ஜோடி பஞ்சவர்ணக்கிளி வைத்திருந்தார். நீல முதுகு, மஞ்சள் வயிறு, மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரைக்கும் முக்கால் ஆள் நீளம் என்று சொல்ல ஆசைதான்; மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. அரசாங்கத்தில் பதிந்து வாங்கிய காகிதத்தைச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அந்தப் பறவையின் மூக்கைப் பார்த்தேன். என் பட்டறையில் இருக்கும் எந்த உளியும் அதற்கு முன்னால் வெறும் பல்குச்சி. கொட்டாங்குச்சியை எடுத்து முறுக்கு போலக் கடித்துத் துப்பியது.

பறவையை வாங்கியது தறிக்காரர் என்றாலும் வளர்த்தது அவர் மனைவி. நான் அவரை அம்மணி என்பேன். குஞ்சாக வந்த நாளில் இருந்து கரண்டியில் ஊட்டி வளர்த்தவர். அவர்தான் கதையைச் சொன்னார்.

"ரெண்டு தடவ முட்டை வெச்சுதுங்க. மொதத் தடவ பிளைவுட்டுப் பெட்டி. அடிப்பலகையவே கடிச்சுத் தின்னுபோட்டுதுங்க ரெண்டும். முட்டை சிமிட்டித் தரையில உழுந்து போச்சு. அப்பறம் பிளாஸ்டிக் டிரம்மு வெச்சோம். சூடு தாங்காம முட்டை வீணாப் போச்சு. இதுதான் கடைசித் தடவைன்னு இவரு சொல்லீட்டாருங்க. இதும் ஆகுலீன்னா ரெண்டையும் யாருக்காச்சும் குடுத்துப்போடறதாமா."

தறிக்காரர் கூரையைப் பார்த்தார். "அது வந்துங்க, முட்டை போறப்பல்லாம் இவ ஒரு வாரத்துக்குச் சோறு திங்கறதில்லீங்க. எத்தன தடவைங்க பாக்கறது?"

ஆக, ஒரு குஞ்சு உயிரோடு வெளியே வர வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு பறவையும் அந்த வீட்டை விட்டுப் போய்விடும். பெட்டி என்று அவர்கள் கேட்டது இதைத்தான். என் காதில் விழுந்தது வேறு: கோயமுத்தூரிலேயே யாரும் செய்யாத ஒரு பெட்டி.

"பேரன் காலத்துக்கும் வர்ற மாதிரி செஞ்சு தர்றேனுங்க. தேக்குல" என்றேன்.

தேக்கு என்றால் எங்களுக்கு மூளை நின்றுவிடும். கதவு தேக்கு, கட்டில் தேக்கு. கிளிக்கு மட்டும் என்ன, இளப்பமா? தறிக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "உள்ளார ஏறி வர்றதுக்கு ஏணி மாதிரி ஒண்ணு வெக்கோணும்னு வீடியோவுல பாத்தனுங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. "றெக்கை இருக்கறதுக்கு ஏணி எதுக்குங்க?"

"செரிங்க. நீங்க சொன்னாச் செரிங்க."

எங்கள் ஊரில் 'நீங்க சொன்னாச் செரிங்க' என்றால் 'நீ சொல்வது தப்பு, ஆனால் உன் மனசைப் புண்படுத்த மாட்டேன்' என்று அர்த்தம். இங்கேயே பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இந்த ஒரு வாக்கியத்தை நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இருபது நாள் வேலை. நாலடி உயரம், இரண்டடி அகலம். மேலே வட்ட வாசல். பக்கத்தில் முட்டை பார்க்க ஒரு சின்னக் கதவு. மூடினால் கதவு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. கைப்பிடி வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று வைக்கவில்லை. விரலால் அழுத்தினால் திறந்துகொள்ளும். இடுக்கில் ஊசி நுழையாது. வருகிறவர் போகிறவர் கையில் எல்லாம் ஊசியைக் கொடுத்து நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்பக்கத்தையும் விட்டேனா? பழகிய கை ஆயிற்றே. சுவரைச் சாய்த்து, மூலையை உருட்டி, தேய்த்துத் தேய்த்து, அடியில் போட்ட கோலிக்குண்டு கால்மணி நேரம் சுற்றியது.

என் வீட்டுக்காரி பட்டறைக்கு வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள கிளி எங்க நிக்கும்?"

"அடியில."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, முட்டை வெக்கும்."

"அப்பறம்?"

நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டேன். பெண்களுக்கு வேலையின் நுட்பம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்.

பெட்டியை ஐப்பசியில் கொண்டுபோய் மாட்டினோம். ஆண் கிளி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தேக்கின் மேல் மூக்கை வைத்தது. கடிக்கவில்லை. "பாத்தீங்ளா, மரியாதை தெரியுது" என்றேன். பிறகு மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் வெயில் அடித்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். சோமனூரில் தறிச் சத்தம் நின்றால் ஊருக்கே காது கேட்க ஆரம்பிக்கும். நடந்ததை அம்மணி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காலையில் அவர் சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க காந்திபுரம் கிளம்பியிருக்கிறார். கணவரிடம் சொல்லியும் இருக்கிறார். தறிக்காரர் செல்போனைப் பார்த்தபடி "ம்" என்றிருக்கிறார். தறி ஓடாததால் குடோனுக்குள்ளேயே கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். பத்து மணி வாக்கில் வெளியே இருந்து குரல் வந்தது.

"ஏனுங்க."

தறிக்காரர் படுத்தபடியே சொன்னார். "வாரேன்."

எங்கள் வீடுகளில் மனைவி கணவனைக் கூப்பிடுவது ஏனுங்க. கணவன் பதில் வாரேன். வாரேன் என்று சொல்வது வருவதற்கு அல்ல. காதில் விழுந்தது, இப்போதைக்கு ஆளை விடு என்பதற்கு அது ரசீது. மறுபடி கூப்பிட்டால் மறுபடி ஒரு ரசீது. இப்படியே ஒரு தாம்பத்தியத்தை ஓட்டிவிடலாம், ஓட்டியிருக்கிறோம்.

"ஏனுங்க."

"வாரேன் வாரேன்."

மத்தியானம் வரைக்கும் இதே. கூண்டில் இருந்த ஆண் கிளியும் சேர்ந்துகொண்டதாம். ஏனுங்க என்று குரல் வந்தால், கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஆண் வாரேன் என்று சொல்லிவிட்டு இறகு கோதும். அதுவும் எங்கிருந்து கற்றுக்கொண்டிருக்கும்? அந்த வீட்டில்தானே வளர்கிறது.

மூன்று மணிக்கு அம்மணி சேலைப் பையோடு பஸ் இறங்கி வந்தார். குடோன் வாசலில் நின்று கேட்டார்.

"யாருக்குங்க வாரேன் வாரேன்னு சொல்லீட்டிருக்கீங்க?"

தறிக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மனைவியைப் பார்த்து, பையைப் பார்த்தார். "உனக்குத்தான் புள்ள."

"நா காந்திபுரம் போயிட்டு இப்பத்தானுங்க வாரேன்!"

அப்போது பின்னால் இருந்து, தேய்ந்து போன குரலில், மரியாதை மட்டும் குறையாமல் இன்னொரு தடவை வந்தது. "ஏனுங்க."

பெட்டைக் கிளி என் பெட்டிக்குள் இருந்தது. காலையில் ஆசையாக உள்ளே இறங்கியிருக்கிறது. இறங்கியது எங்கே, வழுக்கியிருக்கிறது. நாலடி ஆழம். இரண்டடி அகலத்தில் அவ்வளவு பெரிய றெக்கையை விரிக்க முடியாது. நகம் வைத்து ஏறச் சுவரில் ஒரு பிசிறு கிடையாது. ஈயைச் சறுக்க வைக்கும் என் சுவரில் அது ஏறியிருக்கிறது, சறுக்கியிருக்கிறது, ஏறியிருக்கிறது. அஞ்சு மணி நேரம். கத்தியிருந்தால் ஊரே கூடியிருக்கும். அந்த வீட்டில் உதவி வேண்டுமென்றால் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டது.

தறிக்காரரிடம் இருந்து எனக்குப் போன் வந்தது.

"ஏனுங், அந்தக் கதவு எப்பிடித் தொறக்கறதுங்க?"

"சும்மா விரல்ல அமுத்துங்க."

"அமுத்தியாச்சுங்க. நாலு பேரு அமுத்தியாச்சு."

தேக்கு ஈரத்தில் ஊறி உப்பாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் விட்டிருந்த இடுக்குக்கு அது ஊறவே வேண்டாம், பெருமூச்சு விட்டாலே போதும். மூன்று நாள் மழை. பிடித்து இழுக்கக் கைப்பிடியும் இல்லை. வாசல் வழியாகக் கையை விட்டால் தோள்வரைக்கும் போயும் எட்டவில்லை. கயிறு விட்டால், பயந்து மூலைக்கு ஒதுங்குகிறது. கணபதியில் இருந்து மொபெட்டில் நான் போன வேகத்தைப் பார்த்துப் பின்னால் வந்த டவுன் பஸ்சே ஒதுங்கியது.

அம்மணி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "இதா வந்துட்டாரு கண்ணு, சித்தெ பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றார். அந்த நிலையிலும் வாங்க. திட்டியிருந்தால் பரவாயில்லை.

நான் அழுத்தினேன். வரவில்லை. உளியை இடுக்கில் வைத்தேன். ஊசி நுழையாத இடத்தில் உளி எப்படி நுழையும்? எவ்வளவு நல்ல வேலைக்காரன் நான் என்று அப்போது எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. கடைசியில் தறிக்காரர் கடப்பாரையை எடுத்து வந்து, பணிவாக என்னிடமே நீட்டினார். "நீங்களே பண்ணிப்போடுங்க. எங்குளுக்கு மனசு வராதுங்க." இருபது நாள் தேய்த்த பலகை இரண்டு நெம்பில் பிளந்தது. பெட்டை வெளியே வந்து, மூச்சு வாங்கி, முதல் காரியமாக என் வலது கட்டைவிரலைக் கவ்வியது. ஆளை எப்படிக் கண்டுபிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நாலு தையல். இன்னும் மழைக்காலத்தில் வலிக்கிறது. கதவு இறுகுகிற அதே நாளில்.

அதன் பிறகு பெட்டை பெட்டி மாட்டியிருந்த மூலைக்கே போகவில்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தை அந்தப் பக்கம் வைத்தால் பட்டினி கிடந்தது. "இனி எங்கீங்க முட்டை" என்றார் அம்மணி. தறிக்காரர் திருப்பூரில் யாரோ ஜோடியைக் கேட்கிறார்கள் என்றார். மாசி வரைக்கும் பார்க்கிறேன் என்று சொன்னாராம். நான் கட்டுப் போட்ட விரலோடு, யாரும் கேட்காமலேயே, இன்னொரு பெட்டி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் போய், கூண்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, வேம்பு, மா, தென்னை என்று துண்டு துண்டாக உள்ளே போட்டேன். எல்லாவற்றையும் தூளாக்கின. தேக்கை மட்டும் தொடவில்லை. மரியாதை எல்லாம் கிடையாது, வார்னிஷ் நாற்றம் பிடிக்கவில்லை. அம்மணி ஒருநாள் டீயோடு வந்து நின்று சொன்னார்.

"இதுகளுக்கு ஊடு வேண்டாங்க. ஊட்டு வேலைதான் வேணும். எல்லாத்தையும் நீங்களே முடிச்சுக் குடுத்துப்போட்டா அதுக என்ன பண்ணும்?"

முப்பது வருடத்தில் பாதி வேலையோடு ஒரு சாமானைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியதில்லை நான். அனுப்பக் கற்றுக்கொண்டேன், விரல் ஆறுவதை விட அது கஷ்டமாக இருந்தது. இரண்டு அங்குல வேப்பம்பலகை, இழைக்காமல், ரம்பம் போட்ட சொரசொரப்போடு. பெட்டியை நெட்டாக நிறுத்தாமல், பூட்ஸ் மாதிரி, மேலே வாசல், கீழே பக்கவாட்டில் முட்டை வைக்க ஒரு அறை. மேலே இருந்து குதித்தாலும் முட்டை மேல் விழாது. வெளி ஓரங்களில் எவர்சில்வர் பட்டை அடித்தேன். தகரத்தில் துத்தநாகப் பூச்சு இருக்கும், கடித்துத் தின்றால் செத்துப்போகும் என்று தறிக்காரர் வீடியோவில் பார்த்துச் சொன்னார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. உள்சுவரில் எவர்சில்வர் வலையை ஏணியாக வைத்து, முனைகளை எல்லாம் மடித்தேன். போதாது என்று, உளியை எடுத்து மற்றச் சுவர்களிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்தினேன். அம்மி கொத்துகிறவரைப் போல உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்த என்னை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, ஒரு ஊசியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கதவுக்கு ஊசி என்ன, உலக்கையே நுழையும் இடுக்கு. குதிரை கட்டலாம் போல ஒரு கைப்பிடி. வாசலைச் சுற்றி மாமரக் கட்டைகளை வெளியில் இருந்து போல்ட்டு போட்டு மாட்டினேன். கடித்துத் தீர்ந்தால் கழற்றி வேறு மாட்டலாம். வாசல் ஓட்டையை மட்டும் கிளிகள் நுழைய முடியாத அளவுக்குச் சின்னதாக விட்டேன்.

மாட்டியதும் அம்மணி இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "கோழிக்கூடாட்ட இருக்குதுங்க."

தறிக்காரர் பதறினார். "அப்பிடியெல்லாம் இல்லீங்க, நல்லாத்தானுங்க இருக்குது."

"இல்லீங், அம்மணி சொல்றதுதானுங்க செரி" என்றேன்.

பெட்டை பத்து நாள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆண்தான் முதலில் வாசல் கட்டையைக் கடிக்க ஆரம்பித்தது. தறிச் சத்தத்துக்குத் தாளம் போட்ட மாதிரி காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும். ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. ஒருநாள் அது தலையை உள்ளே விட்டபோது பெட்டை பின்னால் வந்து அதன் வாலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிட்டு, தானே கடிக்க ஆரம்பித்ததாம். ஆண் செய்த வேலை சரியில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் உள்ளே இறங்கியது, இறங்கிய ஐந்தாவது நிமிடம் ஏறி வெளியே வந்து பார்த்தது, மறுபடி இறங்கியது. ஒரு வாரம் அப்படி ஏணியைச் சோதித்தது. என்னை விட நல்ல மேஸ்திரி.

மாசியில் இரண்டு முட்டை. ஒன்று கூமுட்டை. இன்னொன்றில் இருந்து பங்குனியில் ஒரு குஞ்சு, தோலும் வாயுமாக, சாமி சத்தியமாக இவ்வளவு அசிங்கமான ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. அம்மணி அதைப் பார்த்து, "ராசாவாட்ட இருக்குது" என்றார். திருப்பூர்க்காரர் பேச்சை அதன்பின் தறிக்காரர் எடுக்கவில்லை. ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது ஏறி வெளியே வர வேண்டும். தாய் ஏறுவதும் குஞ்சு ஏறுவதும் ஒன்றா? மூன்று மாதம் எனக்கு அதே நினைப்பு. பட்டறையில் பம்புக்கு மாதிரி செய்கிறபோதும் கை தானாகச் சுவரைக் கொத்தப் போனது.

ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது. "எட்டிப் பாக்குதுங்க."

நான் போனபோது வாசலில் ஒரு தலை தெரிந்தது. தெரிந்து, உள்ளே போய்விட்டது. அம்மணி வலைக்கு வெளியே நின்று, "வா கண்ணு, வா" என்றார். உள்ளே சொரசொரவென்று நகச் சத்தம். என் கொத்துகளில்தான் கால் வைக்கிறது. ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். ஒரு இடத்தில் சத்தம் நின்றது. நான் வலையை ஒட்டிக் காதை வைத்தேன். மறுபடி சொரசொர. தலை, தோள், பிறகு மொத்தமாக வெளியே வந்து, வாசல் கட்டை மேல் ஆடி ஆடி நின்றது. நின்றதும் குனிந்து கட்டையைக் கடித்து ஒரு சிலாம்பைக் கீழே துப்பியது.

அம்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பெட்டியை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் ஒன்றும் மிச்சமில்லை, பாதியைக் கிளிகளே தின்றிருந்தன.

பிறகு அம்மணி கேட்டார். "ஏனுங், இந்தப் பெட்டி இனி எத்தன நாளைக்கு வருங்க?"

பேரன் காலம் என்று வாய் வரைக்கும் வந்தது. "அடுத்த முட்டை வரைக்கும் வருங்க. அப்பறம் கட்டைய மட்டும் மாத்திப்போடலாம்" என்றேன்.

அப்போது குரல் கேட்டது. "ஏனுங்க."

தறிச் சத்தத்துக்கு மேலே அது கேட்டதுதான் தாமதம், தறிக்காரர் தலையெல்லாம் பஞ்சோடு குடோனுக்குள் இருந்து ஓடி வந்தார். செருப்பு ஒன்றுதான் காலில் இருந்தது. "என்ன புள்ள? என்னாச்சு?"

"நா கூப்புடுலீங்களே" என்றார் அம்மணி.

குஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த பெட்டை அவரை மேலும் கீழும் பார்த்தது. அதற்கு அப்பால் கம்பியில் இருந்த ஆண் இறகைக் கோதியபடி, இருந்த இடத்தை விட்டு அசையாமல், "வாரேன்" என்றது.